கோவைக் குளங்களின் பரப்பளவை க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் கணக்கிட வெக்டரா, ராஸ்டரா?

உங்களுக்குத் தேவை குளத்தின் எல்லையா, இன்றைக்கு அதில் நிற்கும் தண்ணீரா? உக்கடம் பெரியகுளத்தின் கரை சித்திரையிலும் ஐப்பசியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதைப் பாலிகனாக, அதாவது மூடிய பல்கோணமாக வரையுங்கள். இப்படிப் புள்ளி, கோடு, பல்கோணமாக வரைவதுதான் வெக்டர். தண்ணீர் ஏறும், இறங்கும். அதற்குப் பிக்சல் கட்டங்களாலான ராஸ்டர்தான் சரி.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பேண்டுகளில் (ஒளிப்பட்டைகளில்) பச்சை பேண்ட் 3, அண்மை அகச்சிவப்பு பேண்ட் 8 இரண்டுக்கும் பிக்சல் 10 மீட்டர். ராஸ்டர் கால்குலேட்டரில் பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்து, 0-க்கு மேல் வருவதை 1 (தண்ணீர்), மற்றதை 0 ஆக்குங்கள். 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் எல்லா மதிப்புகளிலும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்காமல் விட்டால் விடைகள் பூஜ்ஜியம் பக்கமாகச் சுருங்கும், வரம்பை 0.1, 0.2 என்று வைப்பவர்கள் தண்ணீரைக் குறைவாகவே எண்ணுவார்கள். அடுத்து, ஓர் எல்லைக்குள் விழும் பிக்சல்களைக் கணக்கிடும் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியில் கரைப் பாலிகனைக் கொடுத்துக் கூட்டுத்தொகை எடுங்கள், அதுதான் தண்ணீர்ப் பிக்சல்களின் எண்ணிக்கை. பிக்சல் ஒன்றுக்கு 100 சதுர மீட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 40 பிக்சல்.

நம் ஊர்க் குளங்களில் கணக்கை அதிகம் கெடுப்பது ஆகாயத்தாமரை. அதன் இலை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், குளம் தளும்பி நின்றாலும் படத்தில் தரையாகத்தான் பதியும். அந்த ராஸ்டரை மட்டும் வைத்துக் குளம் சுருங்கிவிட்டது, ஆக்கிரமிப்பு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆக்கிரமிப்பைக் காட்ட வருவாய்த்துறைப் புலப்படத்திலிருந்து வரைந்த எல்லை வேண்டும்.

குளத்துக்கு வரும் 3 மீட்டர் வாய்க்கால் 10 மீட்டர் பிக்சலில் தெரியாது. கோடாகவே வரையுங்கள், நீரோட்டத் திசையிலேயே. முனைகளை ஸ்நாப் செய்யாவிட்டால், அதாவது ஒன்றோடொன்று ஒட்டவைக்காவிட்டால், இணைப்பு அறுந்துபோகும்.

ஆயத்தொலை முறையையும் கவனியுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களுக்கு மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32643. கரூரும் நாமக்கல்லும் 78 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே 32644. ஒன்று, பூஜ்ஜியம் என வகைப்படுத்திய ராஸ்டரை வேறு முறைக்கு மாற்றும்போது அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பரை மட்டும் தேர்ந்தெடுங்கள். சுற்றியுள்ள பிக்சல்களைச் சராசரியாக்கும் பைலீனியர் கொடுத்தால் ஓரங்களில் 0.4, 0.7 என்று பாதித் தண்ணீர் முளைக்கும்.

ராஸ்டரைப் பாலிகனாக்கினால் ஓரம் படிக்கட்டாக வரும். அச்சுக்கு வேண்டுமானால் மழுக்கிக்கொள்ளுங்கள். பரப்பளவை மழுக்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.