கிளைசினுக்கு என்ன மின்சுமை?

கேள்வி: பல்கலைக்கழக முதலாண்டில் வேதியியலும் உயிர்மூலக்கூறு அறிவியலும் படிக்கிறேன். பிஹெச் கணக்குகள் வந்துவிடுகின்றன. அமினோ அமிலத்தின் மின்சுமையைக் கேட்டால் விழிக்கிறேன். 20-ஐயும் மனப்பாடம் செய்தும் பயனில்லை. போதாததற்கு, ஆய்வகத்தில் பிஹெச் 8.0-க்குச் சரிசெய்து வைத்த டிரிஸ் பஃபர் (பிஹெச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) மறுநாள் குளிர் அறையில் 8.6 காட்டியது. எங்கே தவறு?

பதில்: பிகேஏ-வைச் சூத்திரத்தில் போடும் எண்ணாக மட்டும் பார்க்கிறீர்கள். மூலக்கூறுகளில் சரிபாதி, ஒரு தொகுதியில் (கார்பாக்சில், அமினோ போன்றது) புரோட்டானை இழந்து நிற்கும் பிஹெச்தான் அது. அதற்கு ஓர் அலகு மேலே போனால், இழந்தவை 10-க்கு வைத்திருப்பவை 1. இரண்டு அலகு என்றால் 100-க்கு 1. கால்குலேட்டரே வேண்டாம்.

கிளைசினில் கார்பாக்சிலின் பிகேஏ சுமார் 2.3, அமினோவுக்கு 9.6. பிஹெச் 7 முதலாவதற்கு வெகு மேலே, ஆகவே கார்பாக்சில் எதிர்ச்சுமையோடு இருக்கும். இரண்டாவதற்குக் கீழே, ஆகவே அமினோ நேர்ச்சுமையை விடாது. கூட்டினால் சுழி. பிஹெச் 1-ல் +1, 12-ல் -1. இரு முனையிலும் சுமையே இல்லாமல் விடைத்தாளில் வரைகிறார்களே, அந்த கிளைசின் தண்ணீரில் எந்த பிஹெச்சிலும் பெயரளவுக்குத்தான் இருக்கும். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பக்கச் சங்கிலியின் (அமினோ அமிலங்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தும் பகுதி) பிகேஏ-வை ஏழு அமினோ அமிலங்களுக்கு மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அஸ்பார்டிக், குளூட்டாமிக், ஹிஸ்டிடின், சிஸ்டீன், டைரோசின், லைசின், ஆர்ஜினின். ஹிஸ்டிடினைத் தனியாகக் கவனியுங்கள். அதன் பிகேஏ 6-ஐ ஒட்டியது. பிஹெச் 7-ல் ஏறக்குறைய 11-ல் ஒன்று நேர்ச்சுமையோடு இருக்கும். புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் இவ்வளவு தோதானது வேறில்லை. பல நொதிகளின் வினைமையத்தில் அது உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

பஃபருக்கு வருவோம். மீட்டர் சரியாகத்தான் காட்டியது. டிரிஸின் பிகேஏ 25 டிகிரியில் 8.06, வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.028 ஏறும். 25-லிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் 21 × 0.028, கிட்டத்தட்ட 0.6. உங்கள் 8.6 அதுவேதான். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே மீட்டரை அளவுதிருத்தி, பிஹெச்சையும் அங்கேயே சரிசெய்யுங்கள்.

50 மில்லிமோலார் கரைசல் 1 லிட்டருக்கு 6.06 கிராம் டிரிஸ். 800 மில்லி தண்ணீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச்சை இறக்கி, பிறகே 1 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் அமிலத்துக்கு இடமிருக்காது, செறிவும் குறைந்துவிடும். 8.3 வந்ததும் துளித்துளியாக விடுங்கள். தாண்டிவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி மீட்கலாம்தான், ஆனால் கூடவே உப்பும் சேரும். புரதத்துக்கான பஃபர் என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.