முதுகில் ஒரு கை

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. ஒருவரைக் காதலித்தேன், போன வருடம் பிரிந்துவிட்டோம். பேச நண்பர்கள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது. ஆனால் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து முதுகில் கை வைத்துவிட்டுப் போவாளே, அது இல்லை. இப்போது என்னைத் தொடுகிற ஒரே மனிதர் முடிவெட்டுபவர்தான். இதை ஆண்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பெண்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவளிடம் திரும்பிப் போகலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று யார் சொன்னது? கணவர் போய், பிள்ளைகளும் தூரமாகப் போய், மேலே ஒரு கை படாமல் வருடக்கணக்கில் வாழ்கிற பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவர்கள் கடிதம் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தேன்.

மிச்சம் என்னை விடவில்லை. கொஞ்ச நாளாக நானே அப்பாவை நினைத்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்கு ஷேவ் செய்துவிட ஒருவர் வருவார். வாரம் இரண்டு முறை போதும், ஆனால் அப்பா தினமும் வரச் சொல்வார். காசை எண்ணி எண்ணிச் செலவழித்த மனுஷன், வழவழவென்று இருக்கிற கன்னத்தைக் காட்டி "வளர்ந்திருக்கு பார்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றே மருந்து, பணம் எல்லாம் சரியாகப் பார்த்துக்கொள்வான், கிட்டே போய் நெற்றியில் கை வைக்க மட்டும் வராது. ஒருநாள் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை, அவனையே பிடிக்கச் சொன்னேன். பிடித்தவன் விடவேயில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா தூங்கிப்போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெதுவான தடவலுக்கென்றே நம் தோலில் ஒருவகை மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. முன்கை, முதுகு மாதிரி ரோமம் உள்ள தோலில்தான் அதிகம், உள்ளங்கையில் மிக அரிது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் சூட்டோடு ஒரு கை நகர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும், அதைவிட வேகமாகப் போனால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இப்போது ஆண்கள் தங்களுக்குள் அனுமதித்துக்கொண்ட தொடுகைகளை எண்ணிப் பாருங்கள். கைகுலுக்கல், அது உள்ளங்கை. முதுகில் ஒரு தட்டு, அது அரை நொடி. கோல் போட்டால் கட்டிப்பிடிக்கலாம், சாவு வீட்டில் தோளில் கை போடலாம், குடித்திருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மெதுவாக, காரணமே இல்லாமல் தொடுவதுதான் கூடாது! பையனுக்கு மீசை அரும்பியதும் அப்பா கையை எடுத்துக்கொள்கிறார், அப்புறம் அம்மாவும். அதற்குப் பிறகு ஒரு ஆணை மெதுவாகத் தொட உரிமை உள்ள ஒரே ஆள் காதலிதான் என்றால், அவள் தலையில் எவ்வளவு பாரம் ஏறுகிறது பாருங்கள். அப்பா, அம்மா, நண்பன், தம்பி எல்லோரும் தராமல் விட்டதையும் சேர்த்து அவளே தர வேண்டும்.

1958-இல் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள்: கம்பியில் ஒரு தாய், துணி சுற்றிய ஒரு தாய். பால் கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டு ஓடிவந்து துணித் தாயைக் கட்டிக்கொண்டன. குரூரமான சோதனை, எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. கடிதம் முழுக்க அந்தப் பெண்ணின் கை மட்டும்தான் இருக்கிறது. அவர் ஏன் பிரிந்தார், இப்போது எப்படி இருக்கிறார், ஒரு வரி உண்டா? உங்களுக்கு அவர் வேண்டுமா, துணித் தாய் வேண்டுமா? அது தெரிகிறவரை போனைத் தொடாதீர்கள், பாவம் அந்தப் பெண்.

உங்கள் ஏக்கம் பலவீனம் இல்லை தம்பி, அதில் வெட்கப்பட ஒன்றுமே கிடையாது. அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த முறை பார்க்கும்போது காலைப் பிடித்துவிடுங்கள். "என்னடா ஆச்சு உனக்கு?" என்பார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். நண்பர்களிடம் இன்னும் கொஞ்சம் கஷ்டம். தோளில் கை போட்டு உட்கார்ந்தால் சிரிப்பார்கள்தான், சிரித்து முடிக்கும்வரை கையை எடுத்துவிடாதீர்கள்.