டோக்கியோவில் பழைய கைப்பை

கேள்வி: அடுத்த மாதம் டோக்கியோ போகிறேன். செகண்ட் ஹேண்ட் லூயி விட்டான் கைப்பை வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கோவை

பதில்: கின்சா, ஷின்ஜுகு பக்கம் கோமெஹ்யோ போன்ற பெரிய செகண்ட் ஹேண்ட் கடைகளில் தொடங்குங்கள். விலைச்சீட்டிலேயே பையின் நிலை ஆங்கில எழுத்தாக இருக்கும். எஸ் என்றால் ஏறக்குறைய புதிது. ஏ, ஏபி, பி, சி என்று இறங்கும். 'பி' என்றதுமே ஒதுக்காதீர்கள், ஓரம் தேய்ந்ததற்கே சில கடைகள் பி போட்டுவிடும்.

எழுத்தைவிட விரலை நம்புங்கள். உள்பாக்கெட்டுக்குள் விரலை விட்டு ஐந்து விநாடி அழுத்துங்கள். ஒட்டினால் வைத்துவிடுங்கள். பழைய பைகளின் செயற்கைப் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், செதிலாக உதிரும். துடைத்தால் போகாது, லைனிங்கையே மாற்ற வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். கைப்பிடி தைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் தேன் நிறமாகக் கறுத்திருப்பது குறையல்ல.

உள்ளே அச்சிட்ட எண் 2007 முதல் வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: முதல், மூன்றாம் இலக்கங்கள் வாரம்; இரண்டாம், நான்காம் இலக்கங்கள் ஆண்டு. 1152 என்றால் 2012-ன் 15-ஆவது வாரம். போலிக்காரர்களும் இதை அச்சிடுவார்கள், அதனால் இது மட்டும் சான்றாகாது. 2021 முதல் எண்ணுக்குப் பதில் பைக்குள் பதித்த மின்னணு சிப்தான்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10% வரிச் சலுகை உண்டு. 2026 நவம்பர் முதல் முழு விலை கொடுத்து, விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெற வேண்டும். பில் பத்திரம், இங்கே சுங்கத்தில் கேட்பார்கள். மலைப்பாம்பு, முதலைத் தோல் பை மட்டும் வேண்டாம்: சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல்தான்.