5,000 ரிங்கிட், ஓர் அரங்கேற்றம், எந்தக் கேமரா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு மாதத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் பரதநாட்டிய அரங்கேற்றம். கைப்பேசியில் எடுத்தால் மேடைப் படங்கள் மங்குகின்றன, ஆடும் கை இழுபட்டுப் போகிறது. கேமராவுக்கு 5,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறோம். புக்கிட் பிந்தாங்கில் விசாரித்த ஒரு கடையில் "ஃபுல் ஃபிரேம் இல்லாமல் மேடையில் எடுக்கவே முடியாது" என்றார்கள். ஏபி செட் (வேறு நாட்டுச் சந்தைக்கானதை இறக்கி விற்பது) எடுத்தால் 700 ரிங்கிட் குறையுமாம். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம், போட்டோஷாப் இரண்டையும் "ஆயுளுக்கும்" போட்டுத் தருவார்களாம். கணவர் தம் நிறுவனத்தின் பெயரில் பில் போடலாம், பிறகு உறவினர் விசேஷங்களில் படம் எடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்கிறார். வீட்டு மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான். என்ன செய்வது? (வாசகி, செந்தூல்)

பதில்: ஃபுல் ஃபிரேம் வேண்டாம். ஏபி செட் வேண்டாம். ஆயுளுக்கும் வருகிற மென்பொருளைத் தொடவே வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் பில் போடும் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மேடையில் உங்களுக்குக் குறைவது வெளிச்சம். அதைக் கூட்ட இரண்டு வழி உண்டு: பெரிய சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு, ஃபுல் ஃபிரேம் என்பது அதில் ஒரு பெரிய அளவு), அல்லது அகலமாகத் திறக்கும் லென்ஸ். கடைக்காரர் முதல் வழியை மட்டும் சொன்னார், ஏனென்றால் அதில்தான் தொகை பெரிது. கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். கேனனின் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் 22.3க்கு 14.9. பரப்பில் 2.6 மடங்கு வித்தியாசம், அவ்வளவுதான். இப்போது லென்ஸுக்கு வாருங்கள். கேமராவோடு வரும் 18-45 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் துளை எஃப்/6.3க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). தனியாக வாங்கும் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப்/1.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 1600 வைத்து எடுக்கும் அதே காட்சிக்கு, அதே ஷட்டர் வேகத்தில், கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 20,000 கேட்கும். படம் மணல் தூவியது போல் ஆகிவிடும்.

உங்கள் தொகைக்குள் ஃபுல் ஃபிரேம் என்று காட்டினால் அது பெரும்பாலும் பழைய மாடல், கூடவே எஃப்/7.1 வரை சுருங்கும் மலிவு ஜூம். சென்சாரில் கிடைத்ததை லென்ஸ் அப்படியே விழுங்கிவிடும்.

ஆகவே கேனன் ஆர்50 கிட், அதனுடன் ஆர்எஃப் 50 எஃப்/1.8 லென்ஸ். கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும் ஃபோக்கஸ் இதில் உண்டு. 24 மெகாபிக்சல் போதுமா என்ற கவலை வேண்டாம். 8ஆர் (8க்கு 10 அங்குலம்) அளவில் அச்சிட 3000க்கு 2400 புள்ளிகள் போதும், அதாவது 7 மெகாபிக்சல் சொச்சம். சோனி பிடிக்கும் என்றால் ஏ6400உடன் சோனியின் ஈ 50 எஃப்/1.8. இசட்வி-ஈ10ஐக் காட்டினால் மறுத்துவிடுங்கள்: அது வீடியோவுக்கானது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. கேனன் ஆர்100 விலை மலிவு, ஆனால் திரை மடங்காது, தொட்டாலும் கேட்காது.

50 லென்ஸில் ஜூம் இல்லை, உட்காரும் இடம்தான் ஜூம். கேமராவை நெட்டுக்குப் பிடித்தால் 5 மீட்டர் தூரத்தில் சுமார் 2.2 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வரும். அரைமண்டியிலும் எழுந்த நிலையிலும் மகள் தலை முதல் சலங்கை வரை அடங்குவாள். மண்டபத்தில் முன்வரிசையே 10 மீட்டரில் என்றால் 85 எஃப்/2 லென்ஸ் வேண்டும், அது விலை கூடியது. கடைக்குப் போகும் முன் மண்டபத்துக்குப் போய்த் தூரத்தை அளந்து வாருங்கள். "இதில் ஸ்டெபிலைசர் இல்லையே" என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆடுகிறவரை நிறுத்தாது. அதை ஷட்டர் வேகம்தான் செய்யும். நின்று பிடிக்கும் அபிநயத்துக்கு 1/250 நொடி, ஜதியை முடிக்கும் தீர்மானத்துக்கும் துள்ளலுக்கும் 1/500.

இனி ஏபி செட். மலேசியாவுக்கான அதிகாரபூர்வ விநியோகத்தின் வழி வராமல், வேறு நாட்டுச் சந்தைக்குப் போன பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து விற்பதற்குத்தான் கடைகளில் இந்தப் பெயர். பொருள் போலியல்ல, அதே ஆலையில் செய்ததுதான். ஆனால் தயாரிப்பாளரின் மலேசிய உத்தரவாதம் அதற்கு இல்லை, 'கடை உத்தரவாதம்' மட்டுமே. அந்தக் கடை அடுத்த ஆண்டு அங்கே இருந்தால் அதுவும் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே ஆலையிலிருந்து வரும் பொருளுக்கு நாட்டுக்கு நாடு வேலி போட்டது தயாரிப்பாளர்கள், அந்த வேலியில் ஓட்டை போட்டுப் பிழைப்பது இடைத்தரகர்கள். நடுவில் பணம் கொடுத்தவர்தான் பழுதுபார்க்கும் முகப்பில் எண் சீட்டோடு காத்திருக்கிறார். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சில சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்றவே முடியாது. 700 ரிங்கிட் மிச்சம் என்பது எதுவும் பழுதாகாத வரைக்கும்தான்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை சில. நம் ஊர் மூன்று முனைப் பிளக் பெட்டிக்குள்ளேயே வந்ததா, கடைக்காரர் தனியாக ஓர் அடாப்டரைத் திணித்தாரா? வைஃபை, புளூடூத் உள்ள கருவிகளுக்கு வேண்டிய சிரிம் (மலேசியத் தரச்சான்று) அடையாளம் பெட்டியிலோ கேமராவின் மெனுவிலோ இருக்கிறதா? பெட்டி, கேமராவின் அடிப்பக்கம், உத்தரவாத அட்டை மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா? பணம் கட்டும் முன் அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் 'மலேசிய உத்தரவாதம்' என்ற சொற்களோடு. எழுத மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவுடன் தயாரிப்பாளரின் மலேசியத் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

வேறு சில வித்தைகளும் உண்டு. விளம்பரத்தில் போட்ட விலை ரொக்க விலை, அட்டையைத் தேய்த்தால் கூடும். முதலில் "அட்டைக்கு எவ்வளவு?" என்றே கேளுங்கள். பெட்டியிலிருந்து அசல் பேட்டரியையும் சார்ஜரையும் உருவித் தனி விலைக்கு விற்பார்கள், ஆகவே பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். "ஆர்50 முடிந்துவிட்டது, முன்பணம் கட்டுங்கள், நாளை வரும்" என்று கட்ட வைத்து, மறுநாள் "இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது" என்பது பழைய தந்திரம். இல்லாத பொருளைத் தூண்டிலாகப் போடுவது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இலவசமாகத் தரும் முக்காலி, பெயர் தெரியாத பேட்டரி, லென்ஸ் முன்னால் திருகும் 0.45 மடங்கு கண்ணாடி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடி படத்தின் ஓரங்களைக் கரைத்துவிடும்.

பில் யார் பெயரில்? உங்கள் பெயரில் போடுங்கள். கடை ஏமாற்றினால் போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். படிவம் 1, கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பைக் கடை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் குற்றம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது, சட்டம் தந்த உறுதியைக் கடைக்காரர் ஒரு தாளில் அழித்துவிட முடியாது. ஆனால் இதெல்லாம் 'பயனீட்டாளருக்கு'. வீட்டு உபயோகத்துக்குச் சாதாரணமாக வாங்கப்படும் வகைப் பொருளை, மறுவிற்பனைக்கோ உற்பத்திக்கோ அல்லாமல் வாங்குபவரையே சட்டம் அப்படிச் சொல்கிறது. கேமரா அந்த வகைப் பொருள்தான், நீங்கள் அதை மறுவிற்பனை செய்யப் போவதுமில்லை. ஆக, நிறுவனத்தின் பெயரில் பில் இருந்தாலேயே உரிமை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரருக்கு வாதிட ஓர் இடம் கிடைத்துவிடும்: "இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் பயனீட்டாளரே அல்ல." பிறகு கேமராவின் பழுதைப் பேசும் முன் நீங்கள் யார் என்பதையே நிரூபிக்க வேண்டும். உங்கள் பெயரில் பில் போட்டு மகளின் நடனத்தை எடுத்து, பின்னால் இரண்டு கல்யாணத்துக்குக் கூலி வாங்கினால் அதனாலேயே நீங்கள் வியாபாரி ஆகிவிட மாட்டீர்கள். கணவர் படப்பிடிப்பை உண்மையான தொழிலாக நடத்தப் போகிறார் என்றால் கதை வேறு. அப்போது வரிக் கணக்கைக் கணக்காளரிடம் கேளுங்கள், உத்தரவாத அட்டையில் தொழில் உபயோகத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள். வருமா வராதா என்று தெரியாத ஒரு வரிச் சலுகைக்காக, வழக்கு வந்தால் நிற்க வேண்டிய இடத்தை விட்டுக்கொடுப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

மென்பொருள். அடோபி இப்போது லைட்ரூமை ஆயுள் உரிமத்தில் விற்பதே இல்லை, மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தாதான். "ஆயுளுக்கும்" என்று கடையில் தருவது உடைத்த பிரதி, அல்லது வேறொருவரின் குழுக் கணக்கில் உங்களுக்கென ஒரு நாற்காலி. இணையச் சந்தைகளில் சில பத்து ரிங்கிட்டுக்கு விற்பதும் இதே சரக்குதான். குழுக் கணக்கின் நிர்வாகி ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்கள் வெளியே, அந்தக் கணக்கின் மேகச் சேமிப்பில் வைத்த அரங்கேற்றப் படங்கள் அவர் கையில். உடைத்த பிரதியைப் போட முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே மடிக்கணினியில்தானே.

சட்டப்படி சந்தா கட்டுகிறவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. 'ஆண்டு ஒப்பந்தம், மாதக் கட்டணம்' என்பதைத் தேர்ந்து 14 நாளுக்குப் பிறகு ரத்து செய்தால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபிமீது வழக்கே போட்டது. நம் ஊர் வாடிக்கையாளர் சிறு எழுத்தைத் தானே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்களுக்கு இதெல்லாம் இப்போது தேவையே இல்லை. கேனன் வாங்கினால் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கான் வாங்கினால் என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனி வாங்கினால் இமேஜிங் எட்ஜ். மூன்றும் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தருபவை, கேமராவின் நிறத்தை அப்படியே காட்டுபவை. 8 ஜிபி நினைவகத்தில் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். டார்க்டேபிள் வலிமையானது, இலவசம். தொடக்கத்தில் தலை சுற்றும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படத்தை ராவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். மேடையில் சிவப்பு எல்இடி விளக்கு அடித்தால் முகத்தில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும், அப்படி வழிந்ததை எந்த மென்பொருளும் மீட்காது. ஆகவே வெளிச்சத்தை மூன்றில் இரண்டு படி (கேமராவில் -2/3) குறைத்து எடுங்கள், ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு வளைவு வலது சுவரில் முட்டாமல் பாருங்கள். கணினியில் முதலில் வெள்ளைச் சமநிலை (நிறச் சாயலைச் சரிசெய்வது), பிறகு வெளிச்சம், பிறகு புள்ளிக் குறைப்பு (மணல் போன்ற புள்ளிகளைக் குறைப்பது), கடைசியில் வெட்டல். புள்ளிக் குறைப்பைக் கூட்டினால் முகம் மெழுகாகும், பட்டுச் சேலையின் ஜரிகை காணாமல் போகும். பாதியில் நிறுத்துங்கள். அச்சுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் ஜேபெக் கோப்பு. அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் சாதாரண அச்சுக்கடையில் நிறம் வெளிறி வரும், நீங்கள் கடையைத் திட்டுவீர்கள், கடை உங்களைத் திட்டும்.

சத்தமில்லா ஷட்டரை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எல்இடி துடிப்பில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அசையாத சபைப் படங்களுக்கு 1/100 வைத்தால் பட்டை வராது. மேடை எல்இடிகள் தம் இஷ்டத்துக்குத் துடிப்பவை, ஒத்திகை நாளிலேயே எடுத்துப் பாருங்கள்.

நினைவட்டை 64 ஜிபி, மேலே வி30 என்ற வேகக் குறி. ராவில் சுமார் 2,000 படம் பிடிக்கும். போலி அட்டைகள் 64 என்று சொல்லி 8 மட்டும் வைத்திருக்கும், நிரம்பிய பிறகு எடுத்ததெல்லாம் திறக்காது. வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 போட்டு முழு அட்டையையும் எழுதிப் படிக்க வையுங்கள்.

கடைசியாக, கேமராவைப் பையிலேயே போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்கு உத்தரவாதம் வராது. இறுக்கமாக மூடும் உணவுப் பெட்டி, சிலிகா ஜெல், சிறிய ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும், 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்க வேண்டாம், அரை மணி நேரம் மூடியே வையுங்கள்.