எழுத்தைப் படித்துவிட்டு விமானம் ஏறு, தம்பி

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் யூதவியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அறை வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை கிடைக்குமா, யூதரல்லாத என்னை ஒதுக்குவார்களா என்று கேட்டிருக்கிறாய். நான் வந்தது 2006இல், அந்த வாடகைக் கணக்கு இன்றைக்கு உதவாது. வேலையை வந்து பார்த்துக்கொள்ளலாம். ஒதுக்க மாட்டார்கள். 1979இல் தொடங்கிய கல்லூரி அது, எந்த மதத்தவரும் சேரலாம். என் வகுப்பில் பாதிக்கு மேல் யூதரல்லாதவர்கள்தான். நீ கேட்காமல் விட்டது யூத நூல்களின் மொழியான எபிரேயம்.

‘போய்க் கற்றுக்கொள்ளலாம்’ என்றுதான் நானும் மதுரையிலிருந்து கிளம்பினேன். 22 எழுத்து, ஒரு வாரத்தில் மனப்பாடம். அங்கேதான் ஏமாந்தேன். அச்சில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இருக்காது. வெறும் ப-ட-ம் என்று எழுதிவைத்து, படமா பாடமா பீடமா என்று நீயே பார்த்துக்கொள் என்றால் எப்படி இருக்கும்? அப்புறம் யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தின் பக்கம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். நடுவில் மூலம், அதுவும் பெரும்பகுதி அரமேய மொழி. ஒரு பக்கம் புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியின் உரை, எதிர்ப் பக்கம் அவருக்குப் பின் வந்தவர்கள் அவரோடு மல்லுக்கட்டும் உரை. உரைகளுக்கு வேறு எழுத்துரு. ‘ராஷி எழுத்து’ என்று பெயர்தான். 1105இல் இறந்த மனிதர் அதில் ஒரு வரி எழுதியதில்லை, பிற்கால அச்சுக்காரர்கள் செய்த வேலை. பரிமேலழகரோடு குறள் படித்தவனுக்கு உரை என்ன புதிதா என்று மார்தட்டிக்கொண்டு போனேன். முதல் வாரம் மூன்று வரி தாண்டவில்லை.

ஜெர்மனும் வேண்டும். ஆங்கிலமே போதும் என்று சொல்லும் நம் ஐ.டி. நண்பர்களை நம்பாதே, பத்து வருஷமாக வால்டார்ஃபில் இருந்துகொண்டு இன்னும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டி வாங்குகிறவர்கள் அவர்கள். இன்னொன்று, தெற்கிலிருந்து வருகிற எல்லோரும் கொச்சி யூதர்கள் என்றே ஆய்வுத் தலைப்பு எடுக்கிறார்கள். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுமார் 1000ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவி வர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து ஒப்பேற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம், வாய். நம்மூரில் கண்டிப்பான தலைமையாசிரியர் என்றாலே ‘ஹிட்லர்’தான். அதே பழக்கத்தில், வந்த புதிதில், விடுதிக் கண்காணிப்பாளரைச் சமையலறையில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டேன். பக்கத்து அறைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. கழுவிய வாணலியையே மறுபடி கழுவினான். உக்ரைனின் கீவ் நகரிலிருந்து சிறு வயதில் பெற்றோரோடு வந்தவன். 1941 செப்டம்பர் கடைசியில் அங்கே பாபி யார் பள்ளத்தில் நாஜிகளால் இரண்டே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட 33,771 யூதர்களில் அவன் பாட்டியின் அம்மாவும் ஒருத்தி என்று ஒரு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். “ஞாயிற்றுக்கிழமை வோர்ம்ஸ் வருகிறாயா?” என்றான்.

மன்ஹைமில் ரயில் மாறிப் போனோம். வோர்ம்ஸ் ஊர் ஓரத்தில் பழைய யூதக் கல்லறைத் தோட்டம், 11ஆம் நூற்றாண்டுக் கற்கள் சாய்ந்தும் புதைந்தும் நிற்கின்றன. இரண்டு கற்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று ரோத்தன்பர்க் ரப்பி, அதாவது யூத மதகுரு, மேயிருடையது. ஜெர்மானிய அரசர் ருடால்ஃப் அவரைப் பிடித்து அடைத்தார். தன்னை மீட்கப் பணம் கொடுத்தால் அதையே வழக்கமாக்கிவிடுவார்கள் என்று மேயிர் தடுத்துவிட்டு, 1293இல் சிறையிலேயே செத்தார். பிணத்தையும் தரவில்லை. 14 வருஷம் கழித்து அலெக்சாண்டர் என்ற வணிகர் பணம் கட்டி மீட்டு அடக்கம் செய்தார். தன்னை மேயிர் பக்கத்தில் புதைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த வணிகர் கேட்டது. மேம், ஆலெஃப், யோத், ரேஷ்: கல்லில் ‘மேயிர்’ என்று நானே கூட்டி வாசித்தேன். உயிர்க்குறி இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் அது.

நம் வழக்கப்படி பூ வாங்கிப் போயிருந்தேன். அவன் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கல்லறை மேல் வைத்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். பூவை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப ரயிலேற்றிக் கொண்டுவந்தேன். ஊறுகாய் ஜாடியில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தோம், ஒரு வாரம் இருந்தது.