லத்தி எண்ணப்போகும் தம்பிக்கு

ஐயா,
மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் எனது ஊர். விலங்கியலில் இறுதி வருடம். யானைகள் பற்றி முதுமாணி ஆய்வு செய்ய ஆசை. பேராதனையில் படிப்பதா, வெளிநாடு போவதா? எந்தக் கமரா நல்லது? யானை போடும் சாணத்தை, அதாவது லத்தியை எண்ணி யானைத் தொகையைக் கணிக்க யோசிக்கிறேன். லத்தி அழிய எடுக்கும் நாளை இந்தியக் கட்டுரையொன்றிலிருந்து எடுத்தால் போதும்தானே?
— ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

எங்கே படித்தாலும் மேற்பார்வையாளரைப் பார்த்துச் சேருங்கள். கமரா இப்போது வேண்டாம். கடைசிக் கேள்விக்கு வருவோம். போதாது!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சதுர கிலோமீற்றருக்கு 1,600 குவியல், ஒரு யானை நாளுக்கு 16 தடவை போடுகிறது என்று வையுங்கள். குவியல் 100 நாள் நின்றால் ஒரு யானையின் 1,600 குவியல் கிடக்கும், ஆக அங்கே 1 யானை. 50 நாளில் அழிந்தால் 2. காட்டில் எதுவும் மாறவில்லை, கடன் வாங்கிய எண் மட்டும் மாறியது. உங்கள் படுவான்கரையில் மாரி மழை கரைக்கும், வண்டு உருட்டும், பட்டி மாடு மிதிக்கும். கோடையில் அதே லத்தி வெயிலில் ஓடுபோல் காய்ந்து கிடக்கும். இதையெல்லாம் வேறு நாட்டுக் காட்டுக்காரன் உங்களுக்காக அளந்து வைத்திருப்பானா?

லத்தி அழியும் நாளை நீங்களே அளக்கவேண்டும். பங்குனியில் எண்ணுவதென்றால் முந்திய புரட்டாதியிலேயே தொடங்குங்கள். மாதம் ஒருமுறை, அன்றன்று போட்ட புதுக் குவியல் 20 தேடி, ஜிபிஎஸ் புள்ளியும் அடையாளக் கம்பும் வையுங்கள். நிழல், வெளி இரண்டிலும் வேண்டும். எண்ணும் நாட்களில் எல்லாவற்றுக்கும் திரும்பப் போய், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பதியுங்கள். உருண்டை உருவமே தெரியாவிட்டால் 'இல்லை' என்று முதல் நாளே தீர்மானியுங்கள். முதல் மாதக் குவியல்கள் அநேகமாக அழிந்திருக்கவேண்டும். அழியாவிட்டால் பிந்தித் தொடங்கிவிட்டீர்கள். வெள்ளம் பாதையை மூடுகிறதென்று மார்கழியை விட்டுவிடாதீர்கள், லத்தி வேகமாகக் கரைவதே அப்போதுதான்.

குவியலை எண்ணிக்கொண்டு நடக்கும் நேர்கோட்டைக் காட்டுப் பாதையில் போடாதீர்கள். யானையும் அதில்தான் நடக்கும், தொகை ஊதிவிடும். திசைகாட்டி வைத்து நேரே வெட்டிப் போய், கோட்டிலிருந்து குவியலின் நடுவுக்கு உள்ள தூரத்தை நாடாவால் அளக்கவேண்டும். கண்மதிப்பு வேண்டாம். 60, 80 குவியலுக்குக் குறைந்தால் கணிப்பு ஆடும்.

தனியாகக் காட்டுக்குள் இறங்காதீர்கள், ராசா. ஊர்ப் பட்டிக்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள், நன்றியுரையில் அவர் பெயரையும் போடுங்கள். தேசிய பூங்காவென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும், ஒதுக்குக் காடென்றால் வனத் திணைக்களத்திடமும் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். புரட்டாதியிலிருந்து பின்னோக்கி எண்ணி விண்ணப்பத்தை அனுப்புங்கள்.