பாலைவனம், நெடுஞ்சாலை, பின்னிருக்கையில் ஒரு நாய்: கேள்வி பதில்

நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலைவனம் வழியாக நெடுந்தூரம் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. கறுப்பன் என்கிற என் கலப்பின நாயோடு அமெரிக்காவின் மொஹாவி, சொனோரா பாலைவனங்களை ஐந்து முறை கடந்தவள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

அக்கா, எங்களுக்கு ஜூலையில்தான் விடுமுறை. போகலாமா?

தள்ளிப்போட வழியிருந்தால் தள்ளிப்போடுங்கள். பூமியில் பதிவான காற்று வெப்பத்தின் உச்சம், 56.7 டிகிரி செல்சியஸ், மொஹாவியில் உள்ள டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவானது. அந்த மாதத்தைத்தான் கேட்கிறீர்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இழுக்கும் காற்றே உடம்பைவிடச் சூடாக இருந்தால் இரைத்தும் பெரிய பயன் இல்லை.

வேறு வழியே இல்லையென்றால் விடியலுக்கு முன் கிளம்பி, பத்து மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்து ஓர் அறைக்குள் போய்விடுங்கள். இரவு முழுக்க ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். இருட்டில் சாலையைக் கடக்கும் விலங்குகளை எண்ணினால் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

தனியாக ஓட்டுகிறேன். கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிடம் நாயைக் காரில் விட்டால் என்ன?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. பாலைவனத்தில் நாய்க்கு வரும் ஆபத்து என்றவுடன் பாம்பையும் மணலையும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெட்ரோல் போட நிறுத்தும் இடம்தான் அதைவிட ஆபத்தானது.

பூட்டிய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி கூடிவிடும். வெளியே 35 என்றால் உள்ளே 45. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. "ஏசியைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்" என்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். பணம் கட்டும் இடத்தில் வரிசை நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. ஆளில்லாமல் குறிப்பிட்ட நேரம் ஓடினால் தானே அணைந்துவிடும் வசதி என் காரில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கறுப்பன் இருக்கைக்கடியில், நிழல் என்று அவன் நினைத்த மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். பிழைத்தான். அந்த வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் கணக்குப் போடுகிறேன்.

நாய்க்காகவே குளிர்ச்சியைத் தொடரவிடும் வசதியுள்ள கார்கள் உண்டு. டெஸ்லா 2019இல் கொண்டுவந்தது. நல்ல வசதிதான். ஆனால் எந்த இயந்திரத்தை நம்பியும் கண்பார்வைக்கு வெளியே போகாதீர்கள். இறங்கும்போது நாயையும் இறக்குங்கள். கடைக்காரரிடம் "உள்ளே கூட்டி வரலாமா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மறுத்தால் அடுத்த கடை.

என்னிடம் இரண்டு பக் நாய்கள் இருக்கின்றன…

குளிர்காலத்தில் போங்கள். மற்ற மாதங்களில் அவற்றை நம்பகமான ஒருவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பால் உடம்பைக் குளிர்விக்கும் திறன் பிறவியிலேயே குறைவு.

வெப்பத்தாக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்ய வேண்டும்?

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பார்வை ஒன்று வரும். பழகியவர்களுக்கு அது உடனே புரியும்.

முதலில் குளிரவையுங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, விசிறுங்கள், அல்லது ஏசிக் காற்று மேலே படும்படி வையுங்கள். குளிர்ந்த நீர் கூடாது என்ற பழைய அறிவுரையைக் கேட்டுத் தயங்க வேண்டாம்; தாமதம்தான் கொல்லும். ஈரத்துணியால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டவும் கூடாது. எழுந்து வாலாட்டினாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். உள்ளுறுப்புகளின் சேதம் பிறகு தெரியவரலாம்.

தண்ணீர் எவ்வளவு எடுக்க வேண்டும்?

சாதாரண நாளில் நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி. பாலைவனத்தில் அதை இரட்டிப்பாக்குங்கள். 20 கிலோ நாய்க்கு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மனிதருக்கு ஆளுக்கு நான்கு லிட்டர். வழியில் கார் நின்றுவிட்டால் என்று இன்னும் இரண்டு நாளுக்கானது. நாயின் மேல் ஊற்றத் தனியாக ஒரு கேன்.

காலணி போடலாமா? கறுப்பன் போடுவானா?

போடுவான், போட்ட பிறகு தெப்பத்தில் ஏறிய குதிரைபோல் நடப்பான். வீட்டிலேயே பழக்கினால் சரியாகிவிடும். காற்று 31 டிகிரி இருக்கும்போதே வெயிலில் காயும் தார்ச்சாலை 60ஐ எட்டிவிடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

பாம்பு, தேள் பற்றிச் சொல்லவே இல்லையே?

கயிற்றைக் குட்டையாகப் பிடித்தால் பாதி பயம் போய்விடும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே அந்த மருத்துவமனைக்குப் போங்கள்.

சொனோராவில் நான் பாம்பைவிட அஞ்சுவது தேரைக்குத்தான். கோடை மழை தொடங்கியதும் இரவில் வெளியே வரும் பெரிய தேரை. நாய் கவ்வினால் தேரையின் தோலில் சுரக்கும் நஞ்சு உயிரையே வாங்கிவிடும். ஈரத்துணியால் ஈறுகளையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு ஓடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். நஞ்சு தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாது.

சோல்லா கள்ளியின் முள் ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்கப் போகாதீர்கள், அடுத்து உங்கள் கையில் ஒட்டும். அகலப் பற்களுள்ள சீப்பால் நெம்பி எறியுங்கள். என் காரில் வரைபடம் இல்லாத நாள் உண்டு, சீப்பு இல்லாத நாள் இல்லை.

தேசியப் பூங்காக்களில் நாயை விடுவார்களா?

பூங்காவுக்குப் பூங்கா மாறும். டெத் வேலியில் சாலை, முகாம், வாகன நிறுத்தம் தவிர நடைபாதைகளில் அனுமதி இல்லை. ஜோஷுவா ட்ரீயும் ஏறக்குறைய அப்படித்தான். வைட் சாண்ட்ஸில் கயிற்றோடு வெண்மணல் மேடுகளிலேயே நடக்கலாம். பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்டும் நாய்களை வரவேற்கும் இடம். பயணப் பாதையையே இதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் ஒருவர் பூங்காவைப் பார்க்க, மற்றவர் நாயைப் பார்க்க நேரும்.

நாங்கள் ஆஸ்திரேலியாவில் நல்லார்போர் சமவெளியைக் கடக்கப் போகிறோம். வேறு ஏதாவது?

அங்கே 146.6 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத சாலை ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வரும், கவனம். நாய்க்கான பெரிய ஆபத்து வேறு. காட்டுநாய்களையும் நரிகளையும் ஒழிக்க 1080 என்ற நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகளைப் போட்டு வைப்பார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். எதையும் வாயில் வைக்கும் நாய் என்றால் வாய்க்கூடு போடுங்கள்.

முடியை மழித்துவிடலாமா?

வேண்டாம். இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. சீவி விடுங்கள், போதும்.

காரில் வாந்தி எடுக்கிறது.

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள். மாத்திரை தேவையென்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பையில் உள்ள வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வழியில் கார் நின்றுவிட்டால் நடந்து போய் உதவி தேடலாமா?

காரை விட்டு நகராதீர்கள். தேடுகிறவர்கள் கண்ணுக்குக் கார்தான் முதலில் தெரியும். கதவுகளைத் திறந்து வைத்து, காரின் நிழலில் இருவரும் உட்காருங்கள். எந்த வழியாக, எப்போது போய்ச் சேருவோம் என்று கிளம்பும் முன்பே ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அரிசோனாவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. நாய்க்கு வறட்டு இருமல், எடையும் குறைகிறது. சளியாக இருக்குமா?

இருக்கலாம். ஆனால் அந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை புழுதியோடு மூச்சில் ஏறி நுரையீரலைப் பிடிக்கும். 'வேலி ஃபீவர்' என்பார்கள். நாயிடமிருந்து உங்களுக்கு இருமல் வழியாகத் தொற்றாது. அந்த ஊர்ப் பக்கமே போகாத மருத்துவருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. நாளைக்கே கூட்டிப் போங்கள். இருமலைச் சொல்வதற்கு முன் அரிசோனாவைச் சொல்லுங்கள்.